ஜாடியில் மிஞ்சிய மச்சம்

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி வாங்க வரும் முதிய பெண்மணி, விலை கேட்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வாள். ஜாடியை இடது கையில் ஏந்திக் காதோரம் உயர்த்தி, வலது கை விரல் முட்டியால் அதன் வயிற்றில் மெல்லத் தட்டுவாள். கணீரென்று நாதம் எழுந்து ஒரு கணம் நின்று அடங்குமானால் அதைத் தன் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குவாள். ஓசை மழுங்கி ‘டொக்’ என்று கேட்குமானால், கண்ணுக்குப் புலப்படாத கீறல் ஒன்று உள்ளே ஓடியிருக்கிறதென்று தெரிந்து, ஒன்றும் பேசாமல் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். அந்தக் கீறலில் சில மாதங்களில் பூசணம் குடியேறும், ஒரு வருஷத்து மாவடு அதனால் பாழாகும் என்பதை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கைமாறி வந்த சாஸ்திரம் அது.

அந்தச் சாஸ்திரத்தின் பூர்வ கதையைச் சொல்வதற்கு விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் தமிழில் வழங்கி, வடமொழியில் விருத்தாசலம் ஆன இந்த ஸ்தலத்தில்தான், சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்று பெரிய புராணம் சொல்கிறது. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லுகிறோமே, அதற்கு இந்தக் கதையையே நினைவுகூர்வது வழக்கம். ஆனால் கதையில் பலர் மறந்துவிடும் ஓர் அம்சம் உண்டு. பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன் நாயனார் அதில் ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோதுதான் மாற்றுக் குறைந்திருப்பது தெரிய வந்தது. நான் சொல்லப்போகும் சரித்திரமும் ஆற்றில் போன ஒரு கைத்தொழிலையும் வீட்டில் தங்கிவிட்ட ஒரு மச்சத்தையும் பற்றியது. அந்தத் தொழில், வீட்டில் தானியத்தை முளைக்கவைத்து, புளிக்கவைத்து, பானமாக்கும் தொழில். அந்த மச்சம், ஜாடி.

ஜாடி என்றதும் இன்று நமக்கு ஊறுகாயின் மணமே நினைவுக்கு வருகிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் சாடி என்ற சொல் வருமிடத்திலோ ஊறுகாய் இல்லை. அரிசியிலிருந்து வீட்டில் விளைவித்த கள் இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இப்பாட்டு, பாணன் ஒருவன் வழிநெடுக எந்தெந்தக் குடியில் எந்தெந்த விருந்து கிடைக்கும் என்று அறிந்துகொள்ளும் முறையில் அமைந்தது. மறவர் குடியைச் சொல்லும்போது, இல்லத்திலேயே சமைத்த தோப்பி என்னும் நெற்கள்ளைக் குறிக்கும் புலவர், வலைஞர் குடிக்கு வரும்போது அதைச் செய்யும் விதத்தையே படிப்படியாக விவரித்துவிடுகிறார். 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் பதிப்பித்திராவிட்டால், இப்படியொரு செய்முறை நம்மிடம் இருந்ததென்று சொல்ல இன்று வாய்ப்பே இருந்திராது.

அந்த முறை இதுதான். குற்றாத அரிசியைக் குழையக் காய்ச்சித் துழாவிக் கூழாக்க வேண்டும். அந்தக் கூழை வாய் அகன்ற பிழாவில் பரப்பி ஆற்ற வேண்டும். நன்றாக ஆறிய பிறகு, நெல்முளையை இடித்துச் செய்த அடையை அதில் அளைந்து கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட வேண்டும். பிறகு வலிய வாயையுடைய சாடியில் அதன் வழைச்சு நீங்கும்வரை முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தெடுக்க வேண்டும். சில அடிகளுக்குள் ஒரு தொழிற்சாலையின் விதிமுறை முழுவதும் அடங்கிவிட்டது.

இதில் ஒவ்வொரு படிக்கும் ரசாயனக் காரணம் உண்டு. தானியத்தில் இருக்கும் மாவுப்பொருளை ஈஸ்ட் நேரடியாக உண்ணாது. அது முதலில் சர்க்கரையாக மாற வேண்டும். விதை முளைக்கும்போது, குருத்துக்கு உணவளிப்பதற்காக, மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தாமாகவே அதற்குள் உண்டாகின்றன. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைக்கவைத்து மால்ட் என்று எதைச் செய்கிறார்களோ, அதையே நம் வலைஞர் மகளிர் நெல்லை முளைக்கவைத்துச் செய்தார்கள். அந்த நொதிகள் கொதிக்கும் கூழில் அழிந்துபோகும் ஆகையால்தான், கூழை வாய் அகன்ற பாத்திரத்தில் பரப்பி ஆற்றிய பிறகே அடையைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஈஸ்டும் அந்தச் சூட்டைத் தாங்காது. அடையின் தோற்றத்துக்குப் புலவர் காட்டும் உவமையும் கவனிக்கத்தக்கது: பாம்பு வாழும் புற்றிலுள்ள குரும்பியை அது ஒத்திருந்ததாம். புற்றுக் குரும்பி என்பது கறையான்கள் பூஞ்சையை வளர்க்கும் தோட்டம். அடையின் மேற்புறம் பூத்திருந்தது என்றும் புலவர் சொல்வதால், ‘பூசணம் பூத்துவிட்டது’ என்று இன்றும் சமையலறையில் வழங்கும் பிரயோகத்தை நினைத்து, அந்த அடையில் முளையோடு பூஞ்சையும் ஈஸ்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன். ஜார்க்கண்டில் ஹாண்டியா என்னும் அரிசிப் பானத்துக்கு இன்றும் இடப்படும் ராணு என்னும் உருண்டை அப்படிப்பட்ட பொருளே.

செய்முறை இவ்வளவு துல்லியமாக இருந்த சமுதாயத்தில் சொற்களும் துல்லியமாக இருந்தன. பிழிந்தெடுத்தது பிழி, அரித்தெடுத்தது அரியல், வண்டல் கீழே படிந்து மேலே தெளிந்து நின்றது தேறல். மூன்றும் மது என்ற ஒரே பொருளில் நிகண்டுகளில் அடைபட்டுவிட்டாலும், தொழில் தெரிந்தவன் காதுக்கு அவை மூன்று வெவ்வேறு படிகளின் பெயர்களாகவே ஒலிக்கும். பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டில், நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறல் குடிசைதோறும் வழங்கப்படுகிறது. மலைபடுகடாத்தில் மூங்கிற் குழாயில் விளைந்த தேறல் வருகிறது. ஔவையார் பாட்டொன்று நாள்பட்ட தேறலின் கடுமைக்குத் தேள் கொட்டும் கடுப்பை உவமை சொல்கிறது. பூமிக்குள் புதைத்தது ஏன்? வைகாசி வெயிலில் மேற்தரை கொதித்தாலும் சில முழ ஆழத்தில் மண்ணின் குளுமை இரவும் பகலும் அதிகம் மாறுவதில்லை. புளிக்கும் பானத்துக்கு மாறாத குளுமையே மேன்மை என்பதை அவர்கள் வெப்பமானி இல்லாமலே கண்டறிந்திருந்தார்கள்.

பாத்திரத்தின் கதை தனியானது. சக்கரத்தில் வனைந்து சாதாரணச் சூளையில் சுட்ட மண்பானைக்கு நுண்துளைகள் உண்டு. தண்ணீரைக் குளிரவைக்கும் அதே துளைகள், புளித்த பானத்தின் மிச்சத்தையும் தமக்குள் ஒளித்துவைத்துக்கொள்ளும். நல்ல ஈஸ்ட் அதில் தங்கினால் அடுத்த முறை தானாகவே புளிக்கும். கெட்ட கிருமி தங்கினால் எத்தனை கழுவினாலும் போகாது. ஆகவே மண்பானை சில சமயம் பாக்கியத்தையும் சில சமயம் துர்ப்பாக்கியத்தையும் தரும் பாத்திரமாகவே இருந்தது. இந்தத் துளைகளை அடைக்க உலகெங்கும் மனிதர் முயன்றிருக்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த ஆம்போராக்கள் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது முதலியன வந்த சாடிகள். அத்தகைய மதுச்சாடிகளின் உட்புறத்தில் ஒழுகாமல் இருக்கப் பிசின் பூசுவது அந்நாட்டார் வழக்கம். பர்மாவின் மார்த்தபான் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய மெருகிட்ட பெருஞ்சாடிகளோ இந்துமகா சமுத்திரம் எங்கும் பரவின. 14ஆம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தான்களின் நாட்டிலும் தங்கிச் சென்ற இபன் பதூதா, இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் உப்பிலிட்டு அடைத்த மார்த்தபான்களைத் தம் பிரயாண நூலில் குறித்திருக்கிறார். வடநாட்டில் இன்றும் ஊறுகாய் ஜாடிக்கு மர்த்தபான் என்றே பெயர்.

மெருகு என்பது களிமண்ணின் மேல் உருகிப் படிந்த கண்ணாடிப் படலம். 1200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் களிமண்ணே பாதி உருகி இறுகிக் கல்லாகிறது. அதன்மேல் பூசிய பூச்சு கண்ணாடியாகி விடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாத்திரம் எதையும் உறிஞ்சாது. உப்பும் புளிப்பும் அதை அரிக்கமாட்டா. ஒருமுறை கழுவினால் சென்றதன் ஞாபகம் அதில் சிறிதும் மிஞ்சாது. இந்தப் பாத்திரம் விருத்தாசலத்தில் பெருந்தொழிலாக வேரூன்றியது சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தில். 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்து, பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண்ணை அகழ்ந்தபோது, கரிக்கு மேலே வெண்களிமண் கிடைத்தது. கரிக்கு இடையூறாகக் கிடந்த அந்த மண், அருகிலுள்ள விருத்தாசலத்துக்கு மூலதனமாயிற்று. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலுக்கென்றே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் அங்கே எழுந்தன. கடலூர், சேலம், விழுப்புரம், திருச்சி என்று நான்கு திக்கிலும் தண்டவாளம் பிரியும் ஜங்ஷனும் அங்கேயே இருந்தது.

அச்சில் வார்க்கும் முறையில் ஜாடி பிறப்பதைப் பார்ப்பவனுக்குப் பொறுமையைப் பற்றி வேறு பாடம் வேண்டியதில்லை. களிமண்ணையும், படிகக்கல் பொடியையும், பெல்ஸ்பார் என்னும் கல்லின் பொடியையும் தண்ணீரோடு உருளைகளில் மணிக்கணக்காக அரைத்துச் சலித்தால், கேழ்வரகுக் கூழின் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கிறது. பாரிஸ் சாந்தினால் செய்த அச்சுக்குள் அதை ஊற்றியதும், அச்சின் சுவர் தண்ணீரை மெல்ல உறிஞ்ச, களிமண் அச்சோடு ஒட்டித் தோலாகத் தடிக்கிறது. வேண்டிய கனம் வந்ததென்று கைக்குத் தெரிந்த வேளையில் மிச்சக் குழம்பைக் கவிழ்த்து வடித்துவிட்டு, அச்சு தானாக விடும்வரை காத்திருந்து பிரிக்கிறார்கள். ஈரப் பஞ்சால் விளிம்பைத் தடவிச் சீராக்கி, வெயில் படாத இடத்தில் நாள்கணக்கில் உலர்த்துகிறார்கள். உலர்வதற்கு முன் அவசரப்பட்டுச் சூளையில் ஏற்றினால், உள்ளே தங்கிய ஈரம் நீராவியாகிச் சுவரைப் பிளந்துவிடும். அவசரத்தால் வரும் தீங்கு ஜாடிக்கும், பின்னால் ஜாடிக்குள் இடப்போகும் பண்டத்துக்கும் பொதுவானது.

இந்த நல்ல பாத்திரம் நம் ஊரில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில், அதற்கு ஆதிகாலத்தில் உரிய தொழில் வீட்டை விட்டுப் போய்விட்டிருந்தது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் காலந்தொட்டு, மதுவின் கேட்டை எடுத்துரைத்த குரல் தமிழில் ஓய்ந்ததில்லை. ஆயினும் வீட்டுத் தொழிலாக இருந்ததை அரசின் வருமானமாக மாற்றியது அந்தக் குரல் அன்று. 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் மது உண்டாக்குவதைக் குற்றமாக்கியது. கள்ளுக்கு மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், சாராயத்துக்கு ஆலை என்று யாவும் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தன. விருத்தாசலம் அன்று சேர்ந்திருந்த தென்னார்க்காட்டிலேயே நெல்லிக்குப்பத்தில் கரும்பாலையும் சாராய ஆலையும் நடத்திய கம்பெனி, 1897-இல் கிழக்கிந்திய டிஸ்டிலரீஸ் என்ற பெயர் கொண்டது. வீட்டுப் பெண்ணின் கையிலிருந்த பக்குவம் கம்பெனியின் கொப்பரைக்கு மாறியபோது, மது மலிந்தது, பக்குவம் மறைந்தது.

பிறகு வந்தது மதுவிலக்கு. 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் அதைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2-இல், காந்தியடிகள் பிறந்த தினத்தன்று, சென்னை மாகாணம் முழுவதும் அது பரவியபோது மாகாணப் பிரதமராக இருந்தவர், திண்டிவனத்துக்கு அருகேயுள்ள ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார். அவரும் தென்னார்க்காட்டு மனிதரே. குடியினால் அழிந்த ஏழைக் குடும்பங்களை நேரில் கண்டவர்கள் செய்த காரியம் அது; அதன் நோக்கத்தை நான் வணங்குகிறேன். 1971-இல் அந்த விலக்கு தளர்ந்ததும், மீண்டும் இறுகியதும், 1983-இல் டாஸ்மாக் தோன்றியதும், 1987-இலிருந்து கள் இறக்குவதே தடையாகியிருப்பதும் யாவரும் அறிந்தவை. 1937-ஆம் வருஷத்துச் சட்டமோ இன்றளவும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது அதன்படி குற்றம். விருத்தாசலத்துக்கு அண்டையிலுள்ள கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை நினைக்கும்போது நெஞ்சம் பதறுகிறது. அந்த விஷம் எந்த வீட்டுச் சாடியிலும் விளைந்ததன்று. ஆலைகளுக்கென்று உண்டான ரசாயனத்தைப் பேராசை கொண்டவர்கள் மனிதர் வயிற்றுக்கு அனுப்பியது.

தொழில் போயிற்று, மச்சம் மிஞ்சியது என்றேன். மாசி பங்குனியில் மாவடு வரத்தொடங்கியதும், வீட்டு மூதாட்டி பரணிலிருந்து ஜாடியை இறக்கச் சொல்லி, வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, உள்ளே துணியால் துடைத்து, அதற்கப்புறம் ஒரு சொட்டு ஈரமும் படாமல் காப்பாள். ‘ஈரக் கையை உள்ளே விடாதேடி’ என்று பேத்தியை அதட்டும் குரல் கேட்காத வீடு அன்று இல்லை. மாவடுவும் கல்லுப்பும் அடுக்கியாயிற்று என்றால், வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டி, வெயில் தொடாத உள்ளறை மூலையில் வைத்து, நாள்தோறும் குலுக்கிவிட்டு, உப்புநீர் மேலே ஏறி வடு சுருங்கும்வரை அதை எடுக்க ஒருவரையும் அண்டவிடமாட்டாள். இட்லி மாவைக் கோடையில் சீக்கிரமும் மார்கழியில் நேரம் கழித்தும் எடுத்து ஊற்றுகிறவளும், பழைய சோற்றுப் பானையைத் தரையின் குளுமையில் வைக்கிறவளும் அவளே. திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பு முதலிய இடங்களில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமசுக்கென்று திராட்சையையும் சர்க்கரையையும் இட்டு மூடிவைத்ததும் இதே பீங்கான் ஜாடியில்தான். சுத்தம், குளுமை, பொறுமை என்ற மூன்று நியமங்களும் மதுவை இழந்த பிறகும் ஜாடியோடு ஒட்டிக்கொண்டு சமையலறையில் வாழ்ந்தன.

மதுவிலக்கு வந்த அதே நூற்றாண்டில் கடலுக்கப்பால் இதற்கு நேர்மாறான சரித்திரம் நடந்தது. இங்கிலாந்தில் 1880-லிருந்து வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. 1963-இல் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். அமெரிக்காவில் 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்சுவதை மத்திய அரசின் வரியிலிருந்து விடுவித்தது. சட்டம் கதவைத் திறந்ததும் வியாபாரம் உள்ளே நுழைந்தது: முளைதானியச் சாற்றைப் பாகாகச் சுண்டக் காய்ச்சித் தகர டப்பியில் அடைத்து, சில கிராம் உலர்ந்த ஈஸ்டோடு பெட்டியிலிட்டு விற்கலானார்கள். டப்பியிலுள்ள ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டராகும்வரை தண்ணீர் ஊற்றி, ஈஸ்டைத் தூவி மூடிவைத்தால் ஒரு வாரத்தில் பீர் என்று அதன் குறிப்புத்தாள்கள் பல உறுதி கூறின. கூழைக் காய்ச்சும் பாடும், முளைகட்டும் பாடும் இல்லாமல், பெரும்பாணாற்றுப்படையின் சாடி ஒரு பிளாஸ்டிக் வாளியாகி மீண்டும் மனிதர் வீட்டுக்குள் வந்தது.

வந்த பொன்னின் மாற்றுத்தான் குறைந்திருந்தது. முதல் முறை காய்ச்சுகிறவர்கள் சொல்லும் குறைகள் எங்கும் ஒன்றே: நீர்த்துப்போன சுவை, புளிப்பு, மருந்துக்கடை நெடி, வெடிக்கும் பாட்டில்கள். அவர்கள் உடனே வேறு டப்பிக்கும் விலையுயர்ந்த உபகரணத்துக்கும் அலைகிறார்கள். என் அபிப்பிராயத்தில் குறை டப்பியில் மிகச் சிறிதளவே. பெட்டியில் வைத்து விற்க முடியாத மூன்று நியமங்களில்தான் பெரும்பகுதி இருக்கிறது. அவற்றை ஐரோப்பியரும் கஷ்டப்பட்டே கற்றார்கள். பவேரியாவில் 1553-இல் பிறந்த கட்டளை, செப்டம்பர் 29-க்கும் ஏப்ரல் 23-க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் மட்டுமே பீர் காய்ச்சலாம் என்று விதித்தது; கோடையில் காய்ச்சியது கெட்டுப்போவதைக் கண்டு செய்த விதி அது. கெடுவதற்குக் காரணம் அந்நியக் கிருமிகள் என்று லூயி பாஸ்டர் 1876-இல் பீரைப் பற்றிய தம் நூலில் விளக்கினார். 1883-இல் கோபன்ஹேகனில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒரே செல்லிலிருந்து கலப்பற்ற ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். நம் நாட்டிலும் வெள்ளையர் நீலகிரியில் மதுவாலை வைத்தது மலையின் குளிர்ச்சியை நாடியே. இஞ்சி பீரின் வித்து ஈஸ்டும் பாக்டீரியமும் கூடி வாழும் கூட்டு உயிர் என்று 1892-இல் நிரூபித்த ஹாரி மார்ஷல் வார்டு, அதற்கு முன் இலங்கையில் காப்பித் தோட்டங்களை அழித்த துரு நோயை ஆராய்ந்தவர். எம் மக்கள் கூலிகளாக உழைத்த அந்தத் தோட்டங்களில் ஒரு பூஞ்சையின் கேட்டைக் கண்ட கண்களே, பின்னர் ஒரு ஜாடிக்குள் மற்றொரு பூஞ்சையின் நன்மையையும் கண்டன.

ஆகவே, சட்டம் இடங்கொடுக்கும் லண்டனிலோ டொரன்டோவிலோ சிட்னியிலோ வசித்து, அளவறிந்து, இதைக் கலையாகப் பயில விரும்பும் தமிழ் இளைஞனுக்கு, அந்த மூதாட்டியின் நியமங்களையே நான் எடுத்துச் சொல்வேன். முதலாவது சுத்தம்: வாளி, கரண்டி, குழாய், மூடி எல்லாவற்றையும் முதலில் தேய்த்துக் கழுவி, பின்னர் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி வீண். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளி ‘டொக்’ என்று ஒலிக்கும் ஜாடியே; அதைத் தள்ளிவிட வேண்டும். பழங்காலத்து மெருகிட்ட ஜாடி கையில் கிடைத்தால், அதன் மெருகில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் புளிக்கும் பானத்துக்கு அதை உபயோகிக்கலாகாது. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் மால்ட்டின் சத்துக்களோடு கூடினாலும் மருந்து நெடி உண்டாகும். முதல்நாளே கொதிக்கவைத்து ஆற்றினால் குளோரின் போய்விடும்.

இரண்டாவது குளுமை. பாகு கரைத்த நீர் நன்றாக ஆறிய பிறகே ஈஸ்டைத் தூவ வேண்டும். வாய் அகன்ற பிழாவில் கூழை ஆற்றியவர்கள் அறிந்த காரியம் இது. பெட்டியிலுள்ள சாதாரண ஈஸ்டுக்கு 18 முதல் 20 பாகை செல்சியஸ் வரை ஏற்றது. புளிக்கும் வாளி தானே சூடு உண்டாக்கி அறையைவிடச் சில பாகை உயரும் என்பதால், அதைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, வெயில் எட்டாத மூலையில் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் ஈஸ்ட் வேகமாக வேலை செய்து, கடும் சாராயங்களையும் சேர்த்தே படைத்துவிடும். சர்க்கரையின் ஒரு பாதியையேனும் குறைத்து அதற்கு ஈடாக முளைதானியச் சாற்றைச் சேர்த்தால், நீர்த்த சுவை நீங்கிப் பானத்துக்குக் கனம் உண்டாகும். பெட்டியில் நெடுநாள் கிடந்த ஈஸ்டை நம்பாமல் புதிதாக வாங்கிச் சேர்ப்பதும் நலம்.

மூன்றாவதும் கடினமானதும் பொறுமை. குறிப்புத்தாளின் ஒரு வாரத்தை எண்ணி மூடியைத் திறவாமல், அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்த்து, அது இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் பாட்டிலில் அடைத்தால் மிச்சமிருக்கும் சர்க்கரை வாயுவாகிப் பாட்டிலை வெடிக்கச் செய்யும். அடைக்கும்போதும் லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரைக்கு மேல் இடலாகாது. அதன் பிறகும் சில வாரம் குளுமையில் விட்டால் வண்டல் படியும், மேலே தெளிவு நிற்கும். நம் முன்னோர் அதற்குத்தான் தேறல் என்று பெயரிட்டார்கள்.

பெரும்பாணாற்றுப்படையின் செய்முறையை மீண்டும் நினைக்கிறேன். அடை கலந்த கூழுக்கு இரண்டு பகல், இரண்டு இரவு என்று நாள்கணக்குச் சொன்ன புலவர், சாடியில் முதிர்வதற்கு வந்தபோது நாள் எதையும் சொல்லவில்லை. வழைச்சு அறும்வரை என்றார். வழைச்சு என்பது பச்சை நாற்றமும் இளமையும் முதிராத தன்மையும் கூடிய ஒரு நிலை. அது எப்போது நீங்கும் என்பதை ஊர் சொல்லும், பருவம் சொல்லும், ஜாடியின் வாயில் குனிந்து முகர்கிற மூக்கு சொல்லும். அந்தச் சொல்லை இன்று அகராதியில்தான் தேட வேண்டியிருக்கிறது. அந்த அறிவோ வேடு கட்டிய துணியை ஓரமாய் விலக்கி மாவடுவை முகர்ந்து, ‘இன்னும் நாலு நாள் போகட்டும்’ என்று மறுபடியும் கட்டிவிடும் மூதாட்டியிடம் மச்சமாக இருக்கிறது. ஆற்றில் போன பொன் எந்தக் குளத்தில் கிடைத்தாலும், மாற்றுப் பார்ப்பதற்கு அவளிடம்தான் கொண்டுவர வேண்டும்.